மருந்தாகக் கஞ்சா: சட்டம், வலி, வரிப்படிவம்



மார்ச் மாதத்து உரையில் வருமானவரிப் படிவத்தில் காட்டக்கூடிய மருத்துவச் செலவுகளைப் பற்றிக் கதைத்திருந்தேன். பல், மூக்குக்கண்ணாடி, காது கேட்கும் கருவி என்று சொல்லிக்கொண்டு போகையில், வைத்தியரின் பத்திரத்தோடு முறைப்படி வாங்கும் கஞ்சாவும் அதில் அடங்கும் என்று ஒரு வசனம் சொன்னேன். அன்று வந்த தொலைபேசி அழைப்புகளில் பாதிக்கு மேல் அந்த ஒரு வசனத்தைப் பற்றியவைதான். "அண்ணை, வானொலியிலே இதுகளைக் கதைக்கலாமோ?" என்று ஒருவர் கோபமாகவே கேட்டார். வயது அறுபதைத் தாண்டிய ஓர் அம்மா நிகழ்ச்சி முடியும்வரை காத்திருந்து நிலையத்துக்கு எடுத்தார். ஊரில் ஷெல் விழுந்தபோது தொடையில் ஏறிய துண்டு இன்னமும் உள்ளே இருக்கிறது. இரவிலே கால் எரிகிறது. கொடுத்த குளிசை எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. கடைசியில் வைத்தியர் கஞ்சா எண்ணெய் எடுத்துப் பார்க்கலாம் என்கிறார். மகனோ அது வீட்டுப் படி ஏறக்கூடாது என்று நிற்கிறார். "தம்பி, அது குற்றமோ, மருந்தோ? ஒன்றைச் சொல்லும்" என்றார்.

நான் வைத்தியன் அல்லன். யாழ்ப்பாணத்தில் வணிகவியல் படித்துவிட்டு, இங்கே மற்றவர்களின் கணக்கைப் பார்த்து வயிறு வளர்ப்பவன். ஆனாலும் சட்டத்தையும் அறிக்கைகளையும் வாசித்து, எந்த எண்ணிக்கை எங்கே இருந்து வருகிறது என்று பார்ப்பதுதான் என் தொழில். அந்த அளவில் இந்த விடயத்தைச் சொல்லுகிறேன். மருந்தின் அளவு, எடுக்கலாமா கூடாதா என்பதெல்லாம் உங்கள் வைத்தியரோடு பேச வேண்டியவை.

கனடாவில் கஞ்சா தடை செய்யப்பட்டது 1923 இல். அந்த நாளில் இங்கே அதைப் பாவித்தவர்கள் மிகச் சிலர். நாடாளுமன்றத்தில் விவாதம் என்று சொல்லத்தக்கதாக ஒன்றும் நடக்கவில்லை. போதைப்பொருள் பட்டியலில் ஒரு பெயர் கூடியது, அவ்வளவுதான். அதற்கு முன்னர் அது மேலைநாட்டு மருந்துக்கடைகளிலும் இருந்த பொருள். அங்கே அது போய்ச் சேர்ந்ததே எங்கள் பக்கத்திலிருந்துதான். 1839 இல் கல்கத்தாவில் வேலை பார்த்த வில்லியம் ஓ'ஷோனசி என்ற அயர்லாந்து வைத்தியர், உள்ளூர் வைத்தியர்களிடம் கேட்டறிந்து, வாதநோய்க்கும் ஏற்பு வலிக்கும் குழந்தைகளின் வலிப்புக்கும் கஞ்சாவைக் கொடுத்துப் பார்த்துக் கட்டுரை எழுதினார். எங்கள் சித்த, ஆயுர்வேதப் பரியாரிமாரும் அதைச் சுத்தி செய்து சில மருந்துகளில் சேர்த்தவர்கள்தான். ஆகவே இது ஏதோ வெள்ளைக்காரப் பெடியள் கண்டுபிடித்த கூத்து என்று நினைக்கத் தேவையில்லை. அதற்காக, பரியாரியார் கொடுத்தது எல்லாம் நல்லது என்று சொல்ல வருவதாகவும் நினைக்க வேண்டாம்.

கனடாவில் அது மறுபடியும் மருந்தானது நாடாளுமன்றத்தால் அல்ல, நீதிமன்றத்தால். ரொறன்ரோவைச் சேர்ந்த ரெரன்ஸ் பார்க்கர் என்பவர் சிறுவயது தொடக்கம் கடுமையான வலிப்பு நோயால் அவதிப்பட்டவர். மூளையில் அறுவைச் சிகிச்சை செய்தும் வலிப்பு நிற்கவில்லை. வைத்தியர் கொடுத்த மருந்துகளோடு கஞ்சாவும் பாவித்தால் வலிப்பு குறைகிறது என்று கண்டுகொண்டு, வீட்டில் வளர்த்தார். பொலிஸார் 1996 இல் அவர்மீது வழக்குப் போட்டார்கள். ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் 2000 ஆம் ஆண்டு யூலை 31 இல் தீர்ப்புச் சொன்னது. ஒரு நோயாளியைப் பார்த்து "உன் உடல்நலமா, சிறையா, ஒன்றைத் தெரிவு செய்" என்று அரசாங்கம் சொல்ல முடியாது, அது உரிமைகள் சாசனத்தின் 7 ஆம் பிரிவுக்கு மாறானது என்பதே தீர்ப்பின் சாரம். சட்டத்தைத் திருத்த அரசாங்கத்துக்கு ஒரு வருட அவகாசம் கொடுத்தார்கள்.

இந்த 7 ஆம் பிரிவு எங்களுக்குப் புதிதல்ல. தனிமனிதரின் உயிர், சுதந்திரம், பாதுகாப்பு பற்றியது அது. 1985 ஆம் ஆண்டு ஏப்ரல் 4 இல் உச்ச நீதிமன்றம் சிங் வழக்கில், அகதிக் கோரிக்கை வைத்தவரை நேரில் கேட்காமல் கடதாசியைப் பார்த்துத் திருப்பி அனுப்பக்கூடாது என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை எழுதியவர்களில் மூன்று நீதிபதிகள் இதே 7 ஆம் பிரிவை வைத்துத்தான் அப்படிச் சொன்னார்கள். எங்களில் எத்தனை பேர் அந்தத் தீர்ப்பினால்தான் ஒரு அறைக்குள் இருந்து எங்கள் கதையைச் சொல்ல முடிந்தது! அந்தக் கதவால் பதினைந்து வருடங்களுக்குப் பிறகு ஒரு வலிப்பு நோயாளியும் உள்ளே வந்தார் என்பதை வாசித்தபோது, பார்க்கர் என்ற அந்த மனிதர் எனக்கு அந்நியராகத் தெரியவில்லை.

2001 யூலை 30 இல் விதிகள் நடைமுறைக்கு வந்தன. ஆனால் மருந்து எங்கே வாங்குவது? மானிற்றோபாவில் பிளின் பிளோன் என்னும் ஊரில், நிலத்துக்கடியில் உள்ள பழைய சுரங்கம் ஒன்றில் கஞ்சா வளர்க்க ஒரு கம்பனிக்கு அரசாங்கம் ஒப்பந்தம் கொடுத்தது. வந்த சரக்கு நல்லதில்லை என்று நோயாளர்கள் முறையிட்டார்கள். ஒரு கையால் அனுமதி கொடுத்து மறுகையால் மருந்தை மறைத்து வைத்தால் அது உரிமையாகாது என்ற கருத்தில் 2003 இல் இன்னொரு தீர்ப்பு வந்தது. தொடக்கத்தில் அனுமதி பெற்றவர்கள் 500 பேர்கூட இல்லை. 2013 இல் 30,000 ஐத் தாண்டிவிட்டார்கள். 2014 இல் வீட்டில் வளர்ப்பதை அரசாங்கம் நிறுத்தப் பார்த்தது. 2016 இல் சமஷ்டி நீதிமன்றம் அதையும் செல்லாது என்றது. இடையே 2015 யூன் மாதத்தில் உச்ச நீதிமன்றம் சொன்ன ஒரு தீர்ப்புத்தான் எங்கள் அம்மாவுக்கு நேரடியாகப் பயன்படுகிறது. அதுவரைக்கும் காய்ந்த கஞ்சா மட்டும்தான் சட்டப்படி மருந்து. எண்ணெயாக்கினால் குற்றம். அதாவது நோயாளி புகைக்க வேண்டும், அல்லது சிறைக்குப் போக வேண்டும். பிரிட்டிஷ் கொலம்பியாவில் நோயாளர்களுக்காகக் கஞ்சா பிஸ்கற் செய்த ஓவன் சிமித் என்பவரின் வழக்கில் அந்த வேடிக்கை முடிவுக்கு வந்தது. பிறகு 2018 ஒக்ரோபர் 17 இல் வயது வந்த எவரும் கடையில் வாங்கலாம் என்று ஆனது உங்களுக்குத் தெரியும்.

இனி, இது உண்மையில் வேலை செய்யுமா?

கஞ்சாச் செடியில் நூற்றுக்கு மேற்பட்ட சேர்வைகள் இருக்கின்றன. நாங்கள் அறிய வேண்டியவை இரண்டு. ரீ.எச்.சி. என்பது வெறியைத் தருவது. அதே சேர்வைதான் குமட்டலையும் சிலவகை வலியையும் குறைப்பது. அதை 1964 இல் இஸ்ரவேலில் ரஃபாயெல் மெக்கூலம் என்ற இரசாயன விஞ்ஞானியும் அவரது சகாவும் பிரித்தெடுத்தார்கள். மற்றது சீ.பீ.டி. அது வெறி தராது. ட்ராவே, லெனொக்ஸ்-காஸ்ரோ என்னும் குழந்தைகளின் கொடிய வலிப்பு நோய்கள் இரண்டுக்கு, சுத்திகரித்த சீ.பீ.டி. மருந்தை அமெரிக்க மருந்து நிர்வாகம் 2018 இல் அங்கீகரித்தது. இந்த இடத்தில் சாட்சியம் பலமானது.

மற்ற இடங்களில் அவ்வளவு பலமில்லை. கனடியக் குடும்ப வைத்தியர்களுக்காக 2018 இல் வெளியான வழிகாட்டி நான்கு விடயங்களுக்கு மட்டுமே கதவைக் கொஞ்சம் திறந்தது: வேறு மருந்துகளுக்கு அடங்காத நரம்பு வலி, புற்றுநோயின் இறுதிக்கால வலி, கீமோதெரபியால் வரும் வாந்தி, நரம்பிழைய நோயிலும் முள்ளந்தண்டுக் காயத்திலும் வரும் தசை இறுக்கம். முதுகு வலி, மூட்டு வலி, தலையிடி, மனப்பதகளிப்பு ஆகியவற்றுக்கு வேண்டாம் என்றே அது சொன்னது. நரம்பு வலிக்குக்கூடப் பலன் எவ்வளவு என்று பார்ப்போம். வலி 30 வீதமாவது குறைந்தவர்கள், போலி மருந்து எடுத்த 100 பேரில் 30 பேர். கஞ்சா மருந்து எடுத்த 100 பேரில் 39 பேர். வித்தியாசம் ஒன்பது பேர். கணக்காளன் கண்ணுக்கு இது அற்புதமும் அல்ல, சுத்தப் பொய்யும் அல்ல. அந்த ஒன்பது பேரில் ஒருவராக இருந்தால் இரவில் நித்திரை வரும். அதே ஆய்வுகளில் தலைச்சுற்று, மயக்கம், குழப்பம் போன்ற பக்கவிளைவுகள் வந்தவர்கள் பலன் பெற்றவர்களைவிட அதிகம்.

ஷெல் துண்டு நரம்பைக் கெடுத்ததால் வரும் எரிவு நரம்பு வலிதான். ஆகவே அம்மாவின் வைத்தியர் சொன்னது வழிகாட்டிக்கு வெளியே போன பேச்சல்ல. ஆனால் கதையோடு கதையாக, தான் இரத்தம் உறையாமலிருக்க வோர்பரின் எடுப்பதாக அவர் சொன்னார். சீ.பீ.டி. அந்த மருந்தின் அளவை இரத்தத்தில் கூட்டிவிடக் கூடியது. "வோர்பரின் எடுப்பது நரம்பு வைத்தியருக்குத் தெரியுமோ அம்மா?" என்று கேட்டேன். தெரியாதாம். அவரை உடனே மருந்தாளரிடம் கேட்கச் சொன்னேன். எங்கள் பெரியவர்கள் ஒரு வைத்தியர் தந்த மருந்தை மற்ற வைத்தியருக்குச் சொல்லுவதில்லை. கஞ்சா என்றால் இரண்டு பேருக்கும் சொல்லுவதில்லை. வெட்கத்தால் வரும் ஆபத்து இதுதான். வயது போனவர்களுக்கு இரவில் எழும்பும்போது தலைசுற்றி விழுவது இன்னொன்று. இடுப்பெலும்பு முறிந்தால் பிறகு கால் எரிவைப் பற்றி யார் கதைப்பது? புகைக்க வேண்டிய அவசியம் இப்போது இல்லை. எண்ணெயை மிகக் குறைந்த அளவில் தொடங்கி, மெல்ல மெல்லக் கூட்டுவதே வழமை.

யுத்தத்தின் கெட்ட கனவுகளுக்கு இது நல்லதாமே என்று சிலர் கேட்டார்கள். அதற்கான ஆய்வுகள் சிறியவை. போதுமானவை என்று சொல்வதற்கில்லை. நித்திரைக்காகத் தாங்களாகவே தொடங்கி, பிறகு அது இல்லாமல் படுக்க முடியாமற் போனவர்களை எங்கள் வட்டத்திலேயே நான் கண்டிருக்கிறேன்.

மகனோடும் பிறகு கதைத்தேன். அவரை மூடர் என்று சொல்ல மாட்டேன். அவருக்கு இரண்டு பயம். ஒன்று, பதினாறு வயது மகன் வீட்டில் இருக்கிறான். அந்தப் பயம் நியாயமானது. 1980 களில் கஞ்சாவில் ரீ.எச்.சி. 3 வீதமளவில் இருந்தது. இன்று கடைச் சரக்கில் 20 வீதத்துக்கு மேல் இருப்பது சாதாரணம். ஒன்ராறியோவில் 12 முதல் 19 வயதுப் பிள்ளைகளின் தரவுகளை வைத்து 2024 இல் வெளியான ஓர் ஆய்வு, கஞ்சா பாவித்த பிள்ளைகளுக்குச் சித்தப்பிரமை நோய் வரும் வாய்ப்புப் பாவிக்காதவர்களைவிடப் பதினொரு மடங்கு என்று கண்டது. கஞ்சாதான் முழுக் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. ஆனாலும் அந்த எண்ணிக்கையைப் பார்த்த தகப்பன் ஒருவர் பயப்படாமல் இருக்க முடியாது. பூட்டக்கூடிய பெட்டி ஒன்று வாங்கி வையுங்கள் என்றேன். மோர்பினை எப்படி வைப்போமோ அப்படித்தான். சின்னப் பேரப்பிள்ளைகள் உள்ள வீட்டில் இனிப்பு வடிவில் உள்ளதை வாங்கவே வேண்டாம்.

மற்றப் பயம் குடிவரவு. மனைவியின் ஸ்பொன்சர் அலுவல் இன்னும் முடியவில்லை, வீட்டில் கஞ்சா இருப்பது தெரிந்தால் என்னவாகும் என்று கேட்டார். உரிய பத்திரத்தோடு அம்மா வைத்திருக்கும் மருந்து குற்றமல்ல. குற்றமல்லாத ஒன்றுக்காக மருமகளின் கோப்பை மறுக்க இடமில்லை. ஆனால் ஒரு விடயத்தில் எங்கள் ஆட்கள் உண்மையிலேயே பயப்பட வேண்டும். குடியுரிமை எடுக்காமல் நிரந்தர வதிவிட உரிமையோடு மட்டும் இருப்பவர், பத்து வருடமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை விதிக்கக்கூடிய குற்றமொன்றில் தீர்ப்புப் பெற்றால், பாரதூரமான குற்றம் என்ற வகைக்குள் விழுந்து அந்த உரிமையை இழக்க நேரிடலாம். நீதிபதி உண்மையில் தண்டப்பணம் மட்டும் விதித்திருந்தாலும் கணக்கு அதுதான். மதுவிலோ கஞ்சாவிலோ வெறித்த நிலையில் வாகனம் ஓட்டுவதன் உச்சத் தண்டனை 2018 டிசம்பர் 18 இல் பத்து வருடமாக உயர்ந்தது. பதினெட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குக் கஞ்சா கொடுப்பதற்குப் பதினான்கு வருடம் வரை. சட்டவிரோதமாக விற்பதற்கும் அப்படியே. கஞ்சா சட்டரீதியானது, இனிப் பிரச்சினை இல்லை என்று எங்கள் பெடியள் சொல்லுவது அரைக் கதை. 2018 இல் ஒரு கதவு திறந்தது, அதே வருடத்தில் இன்னொன்று இறுகிப் பூட்டியது. பொலிஸ் வழக்கு ஏதும் வந்தால், குற்றத்தை ஒப்புக்கொண்டு சின்னத் தண்டத்தோடு முடிப்போம் என்று அவசரப்படாமல், குடிவரவுச் சட்டம் தெரிந்த சட்டத்தரணியை முதலில் பாருங்கள். இருபது வருடமாகக் குடியுரிமை விண்ணப்பத்தை மேசை லாச்சியில் வைத்திருப்பவர்கள் அதை வெளியே எடுங்கள்.

மருந்தாக எடுப்பவருக்கும் வாகனச் சட்டம் உண்டு. ஒன்ராறியோவில் புதிய சாரதிகளுக்கும் 21 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கும் கஞ்சா துளியும் கூடாது. மருத்துவ அனுமதி உள்ளவருக்கு அந்த விதியில் விலக்கு இருக்கிறது. ஆனால் நிதானமில்லாமல் ஓட்டினால் வைத்தியரின் பத்திரம் காப்பாற்றாது.

எல்லோரும் கடையில் வாங்கலாம் என்றான பிறகு மருத்துவ வழி தனியாக எதற்கு என்பதுதான் இன்றைய விவாதம். கனடிய வைத்தியர் சங்கம் ஒரே வழி போதும் என்ற பக்கம் நின்றது. சோதித்து உறுதிப்படுத்தாத ஒன்றுக்கு வைத்தியரைக் காவலாளி ஆக்காதீர்கள் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. மருந்தாளர் சங்கமோ, மருந்தென்றால் அது மருந்துக்கடையால் வரட்டும் என்கிறது. இப்போது மருத்துவக் கஞ்சா அனுமதி பெற்ற விற்பனையாளரிடமிருந்து தபாலில்தான் வருகிறது. பதிவு செய்த நோயாளர்கள் 2020 இல் மூன்றரை இலட்சத்துக்கு மேல் இருந்தார்கள். பிறகு தொகை வெகுவாகக் குறைந்துவிட்டது. மூலைக்கு மூலை கடை வந்துவிட்டதே! சட்டத்தை மீளாய்வு செய்த நிபுணர் குழு 2024 மார்ச்சில் கொடுத்த அறிக்கையில், மருத்துவ வழி தனியாக இருக்கட்டும் என்றே சொன்னது.

நானும் அந்தப் பக்கம்தான். கடையில் நிற்கும் பிள்ளை வோர்பரினைப் பற்றிக் கேட்க மாட்டாள். மருத்துவ ஆலோசனை சொல்ல அவளுக்கு அனுமதியும் இல்லை. வைத்தியரின் பத்திரம் இருந்தால் வேலைத்தலத்தில் உரிமை கேட்கலாம், ஒரு கோப்பு இருக்கும், பெயர் இருக்கும். எனக்குப் பிடிக்காதது வரிதான். வைத்தியர் எழுதித்தரும் சாதாரண மருந்துக்கு எச்.எஸ்.ரீ. இல்லை. மருத்துவக் கஞ்சாவுக்கு ஒன்ராறியோவில் 13 வீதம் கட்ட வேண்டும், அதற்கு மேல் மதுவுக்கும் சிகரெற்றுக்கும் போடுவது போன்ற தீர்வையும் உண்டு. முதியோரின் மருந்துத் திட்டமும் இதற்குப் பணம் தராது. நோயாளி என்று ஒப்புக்கொண்டுவிட்டு, கொண்டாட்டக்காரர் மாதிரி வரி அறவிடுவது எந்தக் கணக்கில் சேர்த்தி?

அந்த நட்டத்தில் கொஞ்சத்தை மீட்கும் வழி வரிப்படிவத்தில் இருக்கிறது. மருத்துவப் பத்திரத்தோடு, அனுமதி பெற்ற விற்பனையாளரிடம் பதிவு செய்து வாங்கியவற்றின் பற்றுச்சீட்டுகள் மட்டும் செல்லும். கடையில் வாங்கியது, அதே எண்ணெயாக இருந்தாலும், செல்லாது. வீட்டில் வளர்ப்பவர் விதைக்கும் கன்றுக்கும் கொடுத்ததைக் காட்டலாம், மண்ணும் விளக்கும் மின்சாரமும் காட்ட முடியாது. உங்களுக்கும் துணைவருக்கும் பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கும் ஆன செலவு 33099 ஆம் வரியில். உங்களில் தங்கியிருக்கும் தாய் தகப்பனுக்கு நீங்கள் செலவழித்தால் அது 33199 ஆம் வரியில், அவர்களின் வருமானத்தை வைத்துக் கணக்கிடப்படும். தாயின் நிகர வருமானம் 20,000 டொலர் என்றால் அதில் 3 வீதம் 600 டொலர். வருடச் செலவு 2,000 என்றால் 600 ஐக் கழித்து 1,400 ஐ நீங்கள் காட்டலாம். பன்னிரண்டு மாதக் கணக்கை உங்களுக்கு வசதியான மாதத்தில் முடிக்கலாம், அந்த மாதம் படிவம் போடும் வருடத்துக்குள் முடிந்தால் சரி. மின்னஞ்சலில் வரும் பற்றுச்சீட்டை அச்செடுத்து, வைத்தியரின் பத்திரத்தின் பிரதியோடு ஒரே உறையில் போட்டு வையுங்கள். அந்தப் பத்திரம் ஒரு வருடத்துக்கு மேல் செல்லாது என்பதால் திகதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு சொல். கனடிய எல்லையைத் தாண்டிக் கஞ்சாவைக் கொண்டு போவதும் கொண்டு வருவதும் குற்றம். மருத்துவப் பத்திரம் இருந்தாலும் குற்றம், சீ.பீ.டி. எண்ணெய் என்றாலும் குற்றம், காரில் பஃபலோவுக்குப் போனாலும் குற்றம். இலங்கையிலும் அது தடைசெய்யப்பட்ட பொருள், கட்டுநாயக்காவில் கனடிய வைத்தியரின் கையெழுத்தை யாரும் பார்க்கப் போவதில்லை. சிங்கப்பூர் வழியாகப் போகிறவர்கள் அங்கே கஞ்சா 500 கிராமுக்கு மேல் கடத்தினால் மரண தண்டனை என்பதை அறிந்திருப்பீர்கள், சிறிய அளவுக்கும் சிறைதான். பயணத்துக்கு ஒரு மாதம் முன்னதாகவே வைத்தியரிடம் போய், அந்த நாட்களுக்கு வேறு என்ன மருந்து, இதை எப்படிக் குறைத்து நிறுத்துவது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.